ஜெர்மனியை வீழ்த்திய பயம்

ஹிட்லர் எவ்வாறு அதிகாரத்துக்கு வந்தான் என்று கேட்டால், சரித்திரத்தில் சிறிதளவு பழக்கமுள்ளவர்கள் அனைவரும் ஏறக்குறைய மனப்பாடமாக ஒரே விடையைச் சொல்லிவிடுவார்கள். முதல் மகாயுத்தத்தில் தோற்ற ஜெர்மனியின்மீது நேச நாடுகள் தாங்கமுடியாத நஷ்ட ஈட்டைச் சுமத்தின. அதைக் கொடுக்க வகையற்ற சர்க்கார் நோட்டு அச்சடித்துத் தள்ளியது. தள்ளுவண்டி நிறையப் பணம் கொண்டுபோனவர்கள் ஒரு ரொட்டியோடு வீடு திரும்பினார்கள். மனம் வெதும்பிய ஜனங்கள் ஒரு சர்வாதிகாரியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கார் செலவைக் குறைப்பதா கூட்டுவதா என்ற விவாதம் எந்த தேசத்தில் எழுந்தாலும், சிக்கனக் கட்சியார் அந்தத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து சபை நடுவே நிறுத்துவதும், எதிர்க்கட்சியார் வாயடைத்துப் போவதும் இன்றுவரை நடக்கும் காரியம். ஆனால் தேதிகளைச் சற்றே நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை ஒப்புக்கொள்ளக் கூடியதல்ல என்பது என் அபிப்பிராயம்.

நோட்டுகள் குப்பையானது 1923-ஆம் ஆண்டில். ஹிட்லர் சான்ஸலர் பதவி ஏற்றது 1933 ஜனவரி 30-ந் தேதி. இடையே கிடக்கும் பத்து வருஷத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நாணயம் ஸ்திரப்பட்ட மறு வருஷம், 1924 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஹிட்லரைச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தவை நூற்றுக்கு மூன்று வாக்குகள். 1928 மே மாதத்தில் அதுவும் தேய்ந்து 2.6 சதவீதமாகி, ரைஷ்டாக் சபையில் பன்னிரண்டே ஆசனங்கள் மிஞ்சின. பணவீக்கத்தால் வெகுண்ட ஜனங்கள் சர்வாதிகாரியை நாடினார்கள் என்றால், அந்த வெகுளி ஐந்து வருஷ காலம் எங்கே போய் உறங்கிற்று என்று கேட்க வேண்டாமா?

இப்படிச் சொல்வதனால் 1923-ஆம் ஆண்டின் துயரத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்தத் துயரத்துக்கு வித்திட்டது வெர்சேல்ஸ் உடன்படிக்கை மட்டுமே என்பதும் சரியல்ல. யுத்த காலத்திலேயே, வெற்றி பெற்றபின் தோற்றவர்களிடமிருந்து வசூல் செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில், வரி போடுவதற்குப் பதிலாகத் தன் பிரஜைகளிடமே கடன் பத்திரம் விற்று யுத்தம் நடத்திய கெய்ஸர் சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில்தான் அதன் முதல் வரி எழுதப்பட்டது. யுத்தத்துக்கு முன் ஒரு டாலருக்கு 4 மார்க் 20 பெனிக் என்றிருந்த விகிதம், சமாதானம் வந்தபோதே ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. 1921 மே மாதத்தில் லண்டனில் நிர்ணயிக்கப்பட்ட நஷ்ட ஈடு 13,200 கோடிப் பொன் மார்க் என்று காகிதத்தில் கண்டிருந்தாலும், அதில் 8,200 கோடி, வெற்றி பெற்ற நாடுகளின் பொதுஜனங்களைத் திருப்திப்படுத்துவதற்காகச் சேர்த்த வெறும் எண்ணே என்பதும், மெய்யாகக் கேட்கப்பட்டது 5,000 கோடியே என்பதும் இரு தரப்பு நிபுணர்களும் அறிந்த ரகசியம். அந்தத் தொகையும் கனமானதுதான். ஆனால் தங்கள் நாட்டுச் செல்வந்தர்மீது வரி விதிக்க முற்பட்ட எர்ஸ்பர்கர் என்ற முன்னாள் நிதி மந்திரி 1921-இலும், உடன்படிக்கையை நிறைவேற்ற முயன்று காட்டினால்தான் அதன் அசாத்தியம் விளங்கும் என்று வாதித்த ராத்தெனா என்ற வெளிவிவகார மந்திரி 1922-இலும் துப்பாக்கிக்கு இரையானார்கள். வரி போடுகிறவனைச் சுட்டுக் கொல்லும் தேசத்தில் அச்சு யந்திரம்தானே பொக்கிஷம்?

1923 ஜனவரியில் பிரெஞ்சுத் துருப்புகளும் பெல்ஜியத் துருப்புகளும் நிலக்கரி விளையும் ரூர் பிரதேசத்துக்குள் புகுந்தபோது, அங்கே வேலைநிறுத்தம் செய்து ஒத்துழைக்க மறுத்த தொழிலாளர் அனைவருக்கும் கூலி கொடுக்கும் பொறுப்பை பெர்லின் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. அந்தக் கூலி முழுவதும் அச்சடித்த காகிதம். அந்த மாதம் சராசரியாகச் சுமார் 18,000 மார்க் பெற்ற ஒரு டாலர், நவம்பர் நடுவில் 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் பெற்றது. இந்த எண்ணை வாசிக்கும்போது நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அதே மாதத்தில், யுத்த காலத்தில் தேசபக்தியால் உந்தப்பட்டு ஜனங்கள் சர்க்காருக்குக் கடனாகக் கொடுத்த 15,400 கோடி மார்க்கும், யுத்தத்துக்கு முந்திய மதிப்பில் பதினைந்தரைப் பெனிக்குக்கும் குறைவாக, அதாவது சில்லறைக் காசாக, ஆகிவிட்டது என்ற கணக்கைப் பார்க்கும்போது சிரிப்பு அடங்கிவிடும். உபாத்தியாயர்களும், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும், விதவைகளும், பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேமித்தவர்களும் கொடுத்த கடன் அது. சர்க்காரோ கடனற்ற புருஷராக எழுந்து நின்றது. வங்கியில் மார்க்காகக் கடன் வாங்கி நிலக்கரிச் சுரங்கமும் கப்பலும் பத்திரிகையும் வாங்கிப் போட்ட ஹியூகோ ஷ்டின்னெஸ் போன்ற முதலாளிகளும், ஆலை மேல் இருந்த கடனைக் கால் காசுக்குத் தீர்த்துக்கொண்டவர்களும் அவ்வாறே எழுந்து நின்றார்கள். பணவீக்கம் எல்லோரையும் அழித்தது என்பது சரியல்ல. ஒருவர் பையிலிருந்ததை எடுத்து, கேளாமலும் சொல்லாமலும், மற்றொருவர் பையில் போட்டது என்பதே பொருத்தமான வர்ணனை.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பெருநெருப்பு அணைந்தது சில வாரங்களில். ஷ்ட்ரேஸமான் சான்ஸலராக இருந்த நூறு நாட்களுக்குள் ரூர் பிரதேசத்தில் ஒத்துழையாமை கைவிடப்பட்டது. நவம்பர் 15-ந் தேதி, நிலத்தையும் தொழிற்சாலைகளையும் பெயரளவில் ஈடாகக் காட்டி, ஆனால் உண்மையில் இவ்வளவுக்கு மேல் அச்சடிப்பதில்லை என்ற கண்டிப்பான வரம்பையே உயிராகக் கொண்டு, ரெண்டன்மார்க் என்ற புது நாணயம் வெளிவந்தது. ஒரு லட்சம் கோடிப் பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க். ஜனங்கள் அதை நம்பினார்கள். நம்பியதால் அது நின்றது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன் மியூனிக் நகரத்து பீர் மண்டபமொன்றில் புரட்சி அறிவித்த ஹிட்லர், மறுநாளே போலீஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கலைந்தோடி, பிறகு சிறையிலும் உட்கார்ந்தான். நாணயம் மிகவும் சீரழிந்திருந்த அந்தத் தருணத்தில் குடியரசு அவனை முறியடித்தது என்பதைப் பள்ளிக்கூடச் சரித்திரங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

அந்த நெருப்பின் சூடு தங்கிய இடங்கள் இரண்டு. முதலாவது, ஏமாற்றப்பட்ட மத்தியதர வர்க்கத்தாரின் மனக்கசப்பு. 1925-இல் வந்த சட்டம் பழைய அடமானக் கடன்களுக்கு முகமதிப்பில் கால் பங்கு கிடைக்கும் என்று விதித்தது. கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு அதைவிடவும் சொற்பம். சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் நம்பிய தங்களை அந்தச் சட்டமே கைவிட்டதென்று மனம் நொந்த இவர்கள், தாங்கள் அதுவரை வாக்களித்துவந்த மிதவாதக் கட்சிகளை விட்டு, வீட்டுக்காரர் கட்சி, கடன்கொடுத்தோர் கட்சி, விவசாயிகள் கட்சி என்று சின்னஞ்சிறு கட்சிகளிடம் சிதறிப் போனார்கள். 1928-இல் ஹிட்லருக்கு வாக்குக் கிடைக்கவில்லை என்பது மெய். ஆனால் நடுவிலிருந்த கட்சிகளின் சுவர் அப்போதே பெயர்ந்துகொண்டிருந்தது என்பதும் மெய். இரண்டாவது இடம் இதைவிட அபாயகரமானது; அது மந்திரிகள், வங்கியதிபர்கள், கட்சித் தலைவர்கள் ஆகியோருடைய நெஞ்சம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அடுத்த தடவை வீட்டில் குளிர் வந்து குழந்தைகள் விறைத்தபோதும் இந்தப் பூனைகள் அடுப்பை மூட்டவிடாமல் காவல் காத்தன.

இடையே வந்த நல்ல வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1924-இல், நஷ்ட ஈட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய டாஸ் திட்டத்தின் கீழ் 80 கோடி மார்க் கடன் வந்தது. அதன் பின்னே அமெரிக்கப் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. அதில் நகரசபைகள் நீச்சல் குளமும் வீடுகளும் கட்டின. ஜெர்மனி அமெரிக்காவிடம் வாங்கியதில் ஒரு பகுதியைப் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் நஷ்ட ஈடாகக் கொடுக்க, அவை அதை யுத்தக் கடனுக்காக அமெரிக்காவுக்கே திருப்பிக் கொடுத்தன. குறுகிய தவணையில் வாங்கிய கடன் நீண்ட காலக் கட்டடங்களில் அடைபட்டிருந்தது. 1929 அக்டோபர் 3-ந் தேதி ஷ்ட்ரேஸமான் காலமானார்; அதே மாதக் கடைசியில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது.

பிறகு நடந்ததுதான் என் பார்வையில் நாடகத்தின் மையம். 1930 மார்ச்சில், வேலையற்றோர் இன்ஷூரன்ஸ் நிதிக்கான சந்தாவை அரை சதவீதம் உயர்த்துவதா வேண்டாமா என்ற தகராறில், சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹெர்மன் முல்லரின் கூட்டு மந்திரிசபை கவிழ்ந்தது. அரை சதவீதத்துக்காக ஒரு குடியரசின் கடைசிப் பெரும்பான்மை மந்திரிசபையைப் பலி கொடுத்தவர்களை, இரு தரப்பிலும், நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அதன் இடத்தில் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் நியமித்தவர் கத்தோலிக்கக் கட்சியின் நிதி நிபுணரான ஹைன்ரிஹ் புரூனிங். ஒழுக்கசீலர், உழைப்பாளி, பிரம்மச்சாரி, தம் சொந்த வாழ்க்கையில் எதையும் விரும்பாதவர். பிறரும் அப்படியே வாழ முடியும் என்று நம்பியது இத்தகையவர்களிடம் உள்ள குறை. செலவைக் குறைக்கும் அவருடைய மசோதாவை ஜூலையில் ரைஷ்டாக் நிராகரித்தபோது, அரசியல் சாஸனத்தின் 48-வது ஷரத்தைக் கொண்டு அதையே ஜனாதிபதியின் அவசர ஆணையாகப் பிறப்பித்தார். சபை அந்த ஆணையையும் ரத்து செய்தது. உடனே சபையைக் கலைத்தார். செப்டம்பர் 14-ந் தேதி தேர்தல் முடிவு வந்தபோது, பன்னிரண்டு பேராக இருந்த ஹிட்லர் கட்சியார் 107 பேராயிருந்தார்கள். இரண்டு வருஷம் மிச்சமிருந்த ஒரு பார்லிமெண்டை, அதுவும் வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த கோடையில் கலைத்ததை விவேகமென்று சொல்ல யாரால் இயலும்?

1931 மே மாதத்தில் வியன்னாவின் பெரிய வங்கியான கிரெடிட்டான்ஸ்டால்ட் நொறுங்கியது. ஜூலை 13-ந் தேதி பெர்லினில் டானாட் வங்கி கதவடைத்தது. தேசம் முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. செப்டம்பரில் பிரிட்டன் தங்கப் பிரமாணத்தைக் கைவிட்டு பவுனின் மதிப்பை இறங்க விட்டது. ஜெர்மனியும் அவ்வாறே செய்திருந்தால் அதன் சரக்குகள் அந்நிய மார்க்கெட்டில் விலைபோயிருக்கும். புரூனிங் செய்தது வேறு. மார்க்கின் மதிப்பைப் பழைய உயரத்திலேயே நிறுத்தி, அதற்கு ஏற்பத் தேசத்தின் சகல விலைகளையும் கீழே இழுக்கத் துணிந்தார். 1931 டிசம்பரில் வந்த அவசர ஆணை, கூலிகளை 1927 ஜனவரி மட்டத்துக்குத் தள்ளியது. வாடகையையும் வட்டியையும் குறைத்தது. அதே மூச்சில் விற்பனை வரியை 0.85 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தியது. உத்தியோகஸ்தர்களின் சம்பளம் ஆணைமேல் ஆணையாக வெட்டுண்டு சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 1928-இல் சராசரி 14 லட்சமாக இருந்த வேலையற்றோர் தொகை 1932 ஆரம்பத்தில் 60 லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே. தொழில் உற்பத்தி 1929-இல் இருந்ததில் ஐந்தில் மூன்று பங்காகக் குறுகிற்று. ஜனங்கள் அவருக்குப் பசிச் சான்ஸலர் என்று பெயரிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர் சொன்ன காரணம் இரண்டு. கஷ்டப்பட்டுச் சிக்கனம் செய்தும் கொடுக்க முடியவில்லை என்று உலகத்துக்கு நிரூபித்தால் நஷ்ட ஈடு ரத்தாகும் என்பது ஒன்று. பணத்தைச் சற்றுத் தளர்த்தினாலும் 1923 திரும்பிவிடும் என்பது மற்றொன்று. வேலையற்றோர் மலிந்த ஊர்களும், விலைகள் மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்த கடைத்தெருக்களும் நிறைந்த தேசத்தில், விலை ஏறிவிடுமோ என்ற பயம்! அந்தப் பயம் வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதாயிருந்தால் குடியரசு பிழைத்திருக்கக்கூடும். 1932 ஜனவரியில் வாய்ட்டின்ஸ்கி, டார்னோ, பாடே ஆகிய மூவர் தொழிற்சங்கங்களின் சார்பில் ஒரு திட்டம் வகுத்தார்கள். 200 கோடி மார்க் கடன் திரட்டிப் பொது வேலைகளைத் தொடங்கி, பத்து லட்சம் பேருக்கு வேலை கொடுப்பது அதன் சாரம். அதை வன்மையாக எதிர்த்தவர்களுள் முதல்வர் யார் என்று நினைக்கிறீர்கள்? சமூக ஜனநாயகக் கட்சியின் மகா பண்டிதரும், மார்க்ஸிய அர்த்த சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்றவருமான ருடால்ப் ஹில்பர்டிங். அவர் 1923-இல் நிதி மந்திரியாக இருந்தவர்; நாணயம் கரைந்ததைத் தம் கண்ணெதிரே கண்டவர். முதலாளித்துவத்தின் நோய் தானே தணியும்வரை காத்திருக்க வேண்டும், பணத்தைப் பெருக்குவது பாமரத்தனம் என்று அவர் வாதித்தார். கட்சி அவர் சொல்லைக் கேட்டது. தொழிலாளருக்குச் சொல்ல அந்தக் கட்சியிடம் பொறுமையைத் தவிர வேறு செய்தி இல்லாமல் போயிற்று. வேலையும் ரொட்டியும் தருவேன் என்று முழங்கும் சுதந்தரம் ஹிட்லருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் விடப்பட்டது.

புரூனிங்குக்கு வேறு வழியே இருக்கவில்லை என்று வாதிக்கும் கல்விமான்கள் உண்டு. க்னுட் போர்ஷார்ட் 1979-இல் இந்த வாதத்தைப் பலமாக முன்வைத்தார். கடன் கொடுக்க வெளிநாட்டவர் இல்லை, மத்திய வங்கியான ரீச் பாங்க்கின் சட்டமும் சர்வதேச ஒப்பந்தங்களும் கையைக் கட்டியிருந்தன, நல்ல வருஷங்களிலேயே கூலி உற்பத்தியை மிஞ்சியிருந்தது என்பவை அதன் தூண்கள். 1931 கோடை வரைக்கும் இது பெரும்பாலும் சரி என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பிரிட்டன் தங்கத்தை விட்ட பிறகு, நஷ்ட ஈடு அமெரிக்க ஜனாதிபதி ஹூவரின் அறிக்கையால் ஒரு வருஷம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நிலையில், அந்நியச் செலாவணிக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு வந்துவிட்ட தேசத்தில், மேலும் ஒரு சுற்று வெட்டு என்பது நிர்ப்பந்தமல்ல, தேர்வு. அந்தத் தேர்வின் பலனை வாக்குப் பெட்டிகள் சொல்லும். 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சிக்கன நடவடிக்கை எங்கே கடுமையாகத் தாக்கியதோ அங்கே ஹிட்லருக்கு வாக்கு அதிகமாகப் போயிற்று என்று புள்ளிவிவரத்தோடு காட்டுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு: வேலை இழந்த ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளிடம் போனான்; ஹிட்லரிடம் போனவர்கள் இன்னும் எதையோ கையில் வைத்துக்கொண்டு அதுவும் போய்விடுமோ என்று நடுங்கியவர்கள், சிற்றூர்க் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் புராட்டஸ்டண்ட் பிரதேசங்களின் விவசாயிகளும். டென்மார்க் எல்லையிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 1932 ஜூலையில் வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் அவனை ஆதரித்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் லோசான் மாநாட்டில் நஷ்ட ஈடு ஏறக்குறைய முழுவதும் ரத்தாயிற்று. புரூனிங் எதற்காகத் தேசத்தைப் பட்டினி போட்டாரோ அது கைகூடியது. ஆனால் அவர் மே மாதத்திலேயே பதவியிலிருந்து தள்ளப்பட்டிருந்தார், ஜூலை 31-ந் தேதித் தேர்தலில் ஹிட்லர் கட்சி 230 ஆசனங்களைப் பிடித்தது.

பசியைவிட மோசமான மற்றொரு பழக்கமும் இந்த இரண்டு வருஷத்தில் வேரூன்றிவிட்டது. 48-வது ஷரத்தை முதலில் தாராளமாகக் கையாண்டவர் குடியரசின் முதல் ஜனாதிபதியும் சமூக ஜனநாயகவாதியுமான எபர்ட். 130 தடவைக்கு மேல். ஆனால் அவர் குடியரசைக் காப்பாற்றுவதற்காகக் கலகங்களின் நடுவே அதை எடுத்தார்; புரூனிங் வரவுசெலவுத் திட்டத்துக்காக எடுத்தார். 1931-இல் ரைஷ்டாக் இயற்றிய சட்டங்கள் 34, ஜனாதிபதி பிறப்பித்த ஆணைகள் 44. 1932-இல் சபை கூடியதே பதின்மூன்று நாட்கள், இயற்றிய சட்டங்கள் ஐந்து. சட்டம் என்பது ஒரு கிழவரின் கையெழுத்து என்று ஜனங்கள் பழகிப்போனார்கள். ஹிட்லர் வந்துவிடுவானோ என்ற அச்சத்தில் சமூக ஜனநாயகக் கட்சியார் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். 1932 ஏப்ரலில் அதே கிழவருக்கே வாக்களித்து அவரை மீண்டும் ஜனாதிபதி ஆக்கினார்கள். நன்றிக்கடனாக அவர் வலதுசாரிப் பிரபுவான பாப்பனைச் சான்ஸலராக்கினார். பாப்பன் வேலையற்றோரின் இன்ஷூரன்ஸ் உரிமையை 20 வாரத்திலிருந்து ஆறு வாரமாகச் சுருக்கி, ஜூலை 20-ந் தேதி பிரஷ்யாவில் சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான மந்திரிசபையை அவசர ஆணையால் வெளியேற்றினார். பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. தேசத்தில் 60 லட்சம் பேர் வேலைக்காகக் காத்திருக்கும்போது பொது வேலைநிறுத்தம் என்பது யாரை மிரட்டும்?

இவ்வளவுக்குப் பிறகும் ஹிட்லர் வருவது விதியாயிருக்கவில்லை. 1932 நவம்பர் 6-ந் தேதித் தேர்தலில் அவன் இருபது லட்சம் வாக்குகளை இழந்தான். ஆசனங்கள் 196 ஆகக் குறைந்தன. கட்சியின் கஜானா காலி. உயர்ந்த தலைவர்களில் ஒருவரான கிரகோர் ஷ்ட்ராஸர் டிசம்பரில் விலகினார். அந்த நிலையில் அவனைக் கைதூக்கி விட்டவர்கள் வாக்காளர் அல்லர். தம்மைக் கவிழ்த்துச் சான்ஸலரான ஷ்லைஷரைப் பழிவாங்க விரும்பிய பாப்பன், 1933 ஜனவரி 4-ந் தேதி கொலோன் நகரத்து வங்கியதிபர் ஒருவரின் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்துப் பேரம் பேசினார். மந்திரிசபையில் அவனைத் தவிர இரண்டே நாஜிகள், மற்றவர்கள் நம்மவர்கள், இரண்டு மாதத்தில் மூலையில் நெருக்கிவிடலாம் என்பது அந்தக் கனவான்களின் கணக்கு. ஜனவரி 30-க்கும், ரைஷ்டாக் 444-க்கு 94 என்ற வாக்கில் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் சர்க்காரிடம் கொடுத்துத் தன்னைத்தானே மூடிக்கொண்ட மார்ச் 23-க்கும் இடையே ஐம்பத்திரண்டு நாட்கள். கம்யூனிஸ்ட் அங்கத்தினர் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியார். அவர்கள் சார்பில் ஓட்டோ வெல்ஸ் எழுந்து பேசியதை, அந்தக் கட்சியின் மற்றத் தவறுகளைச் சொல்கிறவர்கள் சொல்லாமல் விடக் கூடாது.

ஹிட்லர் வேலை கொடுத்தானே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அவன் ஆரம்பத்தில் செலவழித்த பணத்தில் ஒரு பகுதி ஷ்லைஷர் சர்க்கார் ஜனவரியிலேயே ஒதுக்கி வைத்த 50 கோடி மார்க். பொருளாதாரம் 1932 பிற்பகுதியிலேயே அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல நிமிரத் தொடங்கியிருந்தது. மீதிக்கு வழி கண்டவர் யாலமார் ஷாக்ட். 1923-இல் நாணயத்தைக் காப்பாற்றியவர் என்று கீர்த்தி பெற்றவரும், குடியரசின் மந்திரிகள் ஊதாரிகள் என்று இடைவிடாமல் கண்டித்தவருமான இவர், 1933 மார்ச்சில் மீண்டும் ரீச் பாங்க் தலைவரானார். பத்து லட்சம் மார்க் மூலதனத்தில் மேபோ என்ற பெயரில் ஒரு போலிக் கம்பெனியை நிறுவி, ஆயுத உற்பத்தியாளர்கள் அதன் பெயரில் எழுதிய உண்டியல்களை ரீச் பாங்க் மாற்றிக் கொடுக்குமாறு ஏற்பாடு செய்தார். 1938-க்குள் அப்படி வெளியான உண்டியல்கள் சுமார் 1,200 கோடி மார்க் பெறும். வேலையற்றோருக்காகத் தொழிற்சங்கத்தார் கேட்ட 200 கோடி நாணயத்தை அழித்துவிடும் என்று பயந்தவர்களில் ஒருவரும், இந்த 1,200 கோடியைப் பற்றி வாய் திறக்கக் கூடிய நிலையில் அப்போது ஜெர்மனியில் இல்லை; ஹில்பர்டிங் நாடு கடந்து சுவிட்ஸர்லாந்திலும் பிறகு பிரான்ஸிலும் அடைக்கலம் புகுந்து வாழ்ந்து, 1941-இல் பாரிஸில் கெஸ்டபோவின் சிறையில் இறந்தார். ஷாக்ட் நியூரம்பர்க் விசாரணையில் விடுதலை பெற்று, பிறகு டியூசல்டார்பில் சொந்தமாக ஒரு வங்கி திறந்தார்.